1,180 டாலர் போச்சு: பழைய ஹாட் வீல்ஸ் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 1,180 டாலர். ஒரு பொம்மைக் காருக்கு. அது டூப்ளிகேட் என்று தெரிந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நேற்று ராத்திரி அதே ஆள் அடுத்த காரை விற்பனைக்குப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டேன், அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை, எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பழைய டெட்ராய்ட் கார்களின் பொம்மை, பேட்ஜ், ஷோரூம் புத்தகம் என்று தேடித் தேடிச் சேர்க்கிற நம் ஆட்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள், உங்களில் ஒருவருக்காவது இது உதவட்டும். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நான் மிச்சிகனுக்கு வந்து பதினோரு வருடம். கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. வந்த முதல் வருடம் ஆகஸ்டு மூன்றாவது சனிக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருவர் உட்வர்ட் அவென்யூவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1995இலிருந்து நடக்கிற டிரீம் குரூஸ் அது. ஃபெர்ண்டேலிலிருந்து பான்டியாக் என்கிற ஊர் வரைக்கும் சாலை முழுக்கப் பழைய கார்கள்தான். எங்கள் முன்னால் பான்டியாக் கம்பெனியின் ஒரு ஆரஞ்சு நிற 1969 ஜிடிஓ ஜட்ஜ் கார் சிக்னலில் வந்து நின்றது. அந்த வி8 எஞ்சின் சும்மா நிற்கும்போது போடுகிற சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்குள் வந்துவிடும். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். நிஜக் கார் வாங்க வசதியும் இல்லை, நிறுத்த இடமும் இல்லை, அதனால் கையளவு கார்கள்.

அதிலும் எனக்கு ஒரு கணக்கு உண்டு. 1968இல் மேட்டல் கம்பெனி முதன்முதலாக விட்ட ஹாட் வீல்ஸ் பதினாறு வண்டிகள். அவற்றில் பெரும்பாலானவற்றை வடிவமைத்த ஹாரி பெண்ட்லி பிராட்லி ஜெனரல் மோட்டார்ஸ் டிசைன் ஸ்டுடியோவிலிருந்து போனவர், அதனால்தான் அந்தச் சின்ன உடம்பிலும் நிஜ வண்டியின் தோள்பட்டை தெரியும். அந்தப் பதினாறில் கேமரோ, ஃபயர்பேர்ட், மஸ்டாங், கூகர், பாரகூடா என்று ஐந்து, எல்லாவற்றுக்கும் முன்னால் ‘கஸ்டம்’ என்று பேர். அந்த ஐந்தும் வேண்டும் என்பதுதான் என் ஆசை. நான்கு என்னிடம் இருக்கின்றன, எல்லாம் கடையில் விற்றபோது இருந்த அட்டையும் பிளாஸ்டிக் மூடியும் இல்லாத, யாரோ குழந்தைகள் விளையாடித் தேய்த்த வண்டிகள், சந்தையிலும் பொம்மைக் கண்காட்சியிலும் அலைந்து வாங்கியவை, எதற்கும் 150 டாலருக்கு மேல் கொடுத்ததில்லை. கேமரோ மட்டும் பிரிக்காத அட்டையோடு வேண்டும் என்று மூன்று வருடமாகக் காத்திருந்தேன், அதற்காகவே மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைத்தேன்.

வாங்கிய இடம் சேகரிப்புப் பொருள்களுக்கென்றே இருக்கிற ஒரு ஆன்லைன் ஏலத் தளம். பெயர் வேண்டாம். நீல நிறக் கஸ்டம் கேமரோ, அட்டையோடு, உள்ளே அந்தக் காலத்தில் காரோடு கொடுத்த, சட்டையில் மாட்டுகிற தகரப் பட்டனும் இருக்கிறது, மேல் மூலையில் 59 சென்ட் என்று கடை ஸ்டிக்கர். விற்கிறவர் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு பச்சை டிக். அந்த டிக்குக்குத் தனியாக 45 டாலர் கட்டணம், அதையும் நான்தான் கட்டினேன்.

சும்மா படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்பவில்லை. வீடியோவில் காட்டச் சொன்னேன். அறுபதைத் தாண்டிய மனிதர், மெதுவாகப் பேசுகிறார், பின்னால் ஒரு பழைய மர மேஜை. அதன் இழுப்பறையை இழுத்துக் காட்டினார், உள்ளே பெயிண்ட் போன நாலைந்து கார்கள், ஒரு கிழிந்த அட்டை. தன் அப்பா பிளின்ட்டில் ஷெவர்லே ஆலையில் கேமரோ அசெம்பிளி லைனில் நின்றவர் என்றார். 1968 கிறிஸ்துமஸுக்கு அப்பா இரண்டு கார் வாங்கி வந்தாராம், ஒன்றை இவர் அன்றைக்கே பிய்த்து விளையாடி உடைத்துவிட்டாராம், இன்னொன்றை அம்மா பிடுங்கி மேல் அலமாரியில் வைத்துவிட்டாராம். “அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்யும்போதுதான் இது கிடைத்தது” என்று சொல்லிவிட்டு அந்த அட்டையைக் கட்டை விரலால் தடவினார். அந்த ஒரு நொடிதான். எங்கள் அப்பா எனக்கு வாங்கித் தந்த ஒரு தகரப் பேருந்தை எங்கள் அம்மாவும் கோயம்புத்தூர் வீட்டு பீரோவின் மேல்தட்டில்தான் வைத்திருந்தாள். நான் மனசுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டேன். வரி, தபால், அந்த 45 டாலர் எல்லாம் சேர்ந்து 1,180.

இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது, ஏனென்றால் பொய் என் கண்ணெதிரே இருந்தது. முதல் தலைமுறைக் கேமரோவை அமெரிக்காவில் இரண்டே இடத்தில்தான் செய்தார்கள், ஒஹாயோவில் நார்வுட், கலிபோர்னியாவில் வான் நைஸ். பிளின்ட்டில் ஷெவர்லேயின் எத்தனையோ வேலைகள் நடந்தன, கேமரோ அசெம்பிளி லைன் அங்கே இருந்ததே இல்லை. இது எனக்குத் தெரியும். எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா, அலமாரி என்று அவர் பேசப் பேச அது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

பார்சல் வந்த வாரம் நான் வேலையாக ஒஹாயோவில் இருந்தேன், ஐந்து நாள் கழித்து வந்துதான் பிரித்தேன். அட்டையின் கீழ் மூலையில் பிளாஸ்டிக் மூடி லேசாகத் தூக்கியிருந்தது. வெயிலில் தூக்கியிருக்கும் என்று நினைத்தேன். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தால் அந்த இடுக்கில் நூல் நூலாகப் பளபளவென்று பசை, ஃபெவிக்விக் இழுத்தால் வருமே அந்த மாதிரி. ஐம்பது வருடத்துக்கு மேலான பசை அப்படி இருக்குமா?

ராயல் ஓக்கில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், ஆலையில் உலோக அச்சு செய்கிற டை மேக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்தக் கார்களை அவை கடைக்கு வந்த காலத்திலேயே வாங்கியவர். மறுநாளே எடுத்துக்கொண்டு போனேன். நகைக்கடையில் கண்ணில் வைப்பார்களே, அந்த லென்ஸை எடுத்து முதலில் அட்டையைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சீராக ஒரே மையில் இருக்க வேண்டிய நிறம் பொடிப் பொடிப் புள்ளியாக இருந்தது, அதாவது அசலை ஸ்கேன் செய்து பிரிண்டரில் எடுத்தது. அப்புறம் என்னிடம் கேட்டுக்கொண்டு பிளாஸ்டிக்கை முழுசாகத் தூக்கினார், கையோடு வந்துவிட்டது. காரைத் திருப்பினால் உடம்பையும் அடித்தகட்டையும் சேர்த்துப் பிடிக்கிற ரிவெட் இரண்டிலும் நடுவில் துளை போட்டுத் திரும்ப அடைத்த தடம். பழைய கார்தான், அடித்தகடு அசல்தான். ஆனால் ரிவெட்டைத் துளைத்துப் பிரித்து, பெயிண்டை உரித்து, புதிதாக நீலம் அடித்து, டயரில் புதுச் சிவப்புக் கோடு போட்டு மூடியிருக்கிறார்கள்.

அந்தப் பெயிண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அசல் வண்டிகளில் அடித்த ஸ்பெக்ட்ராஃபிளேம் என்பது மெருகேற்றிய உலோகத்தின் மேல் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற நிறம், வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும். காலம் போகப் போக அடியிலிருக்கும் உலோகம் கறுத்து அங்கங்கே புள்ளி விழும், எங்கள் வீட்டு மஸ்டாங்கின் கூரையில் மிளகு தூவினது மாதிரி இருக்கிறது. இந்தக் கேமரோவில் ஒரு புள்ளி இல்லை. அவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று வீடியோவில் நான் சந்தோஷப்பட்டேன்.

உடனே அந்தத் தளத்துக்கு எழுதினேன். முதலில் மெஷின் பதில். இரண்டு நாள் கழித்து ஒரு ஆள் எழுதினார், பொருள் கைக்கு வந்து மூன்று நாளுக்குள் புகார் தர வேண்டுமாம், கணக்கு பார்சல் வாசலில் வைத்த நிமிடத்திலிருந்து ஆரம்பமாம். நான் ஊரில் இல்லை என்று விமான டிக்கெட்டை அனுப்பினேன். அடுத்த ஆள் வந்தார், அவருக்கு முந்தின கடிதமே தெரியவில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். மூடியைத் திறந்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்றார். திறக்காமல் டூப்ளிகேட் என்று எப்படி நிரூபிப்பது என்று கேட்டேன், பதில் இல்லை. அப்படியானால் அந்தப் பச்சை டிக் எதற்கு, 45 டாலர் எதற்கு என்று கேட்டதற்கு வந்த பதிலை மறக்க மாட்டேன்: படத்தில் இருப்பதும் விவரத்தில் எழுதியிருப்பதும் ஒத்துப்போகிறதா என்றுதான் அவர்கள் பார்ப்பார்களாம், பொருள் அசலா என்று பார்ப்பதில்லையாம். இதை எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டால் விதிமுறைப் பக்கத்துக்கு ஒரு லிங்க். விற்றவரோ ஒரே ஒரு வரி எழுதினார், “அம்மா வைத்திருந்தபடியே அனுப்பினேன்” என்று. அதோடு என்னைத் தடை செய்துவிட்டார்.

வீட்டில் திட்டவில்லை. “என்னங்க, இந்தப் பணத்துக்கு அத்தையைப் பார்க்க ஒரு தடவை ஊருக்குப் போய் வந்திருக்கலாமே” என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. 1,180 டாலர்.

பக்கத்துத் தெருக்காரர் நிஜமான 1965 ஜிடிஓ கார் வாங்கும்போது நானும் கூடப் போயிருந்தேன். அந்த வருடம் ஜிடிஓ என்பது லெமான்ஸ் வண்டிக்கு ஒரு கூடுதல் பேக்கேஜ்தான், சேஸி எண் இரண்டுக்கும் ஒரே 237இல் ஆரம்பிக்கும், பேட்ஜை ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் பழைய ஆலைப் பதிவுகளை வைத்திருக்கிற பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் பணம் கட்டி, வண்டி ஆலையிலிருந்து போனபோது போட்ட பில் நகலை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் செக் எழுதினார். ஃபோர்டு வண்டிக்கு அதே மாதிரி ஆலைப் பதிவிலிருந்து எடுத்துத் தருகிற மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. நிஜக் காருக்குக் கேட்டால் காகிதம் வரும். பொம்மைக் காருக்கு என்ன இருக்கிறது? விற்கிறவன் வாய்தான் இருக்கிறது. அதைத்தான் நான் 1,180 டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மணி மூன்றாகிறது, காலையில் வேலைக்குப் போக வேண்டும், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அடிப்பக்கம் ரிவெட்டை நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். அட்டையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 1993இல் இருபத்தைந்தாம் ஆண்டுக்காகப் பழைய வண்டிகளை மேட்டல் கம்பெனியே திரும்ப விட்டது, அதையும் அசல் என்று தலையில் கட்டுகிறார்கள், கவனம். பார்சல் வந்த அன்றே பிரியுங்கள், ஊரில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். டிக் மார்க்கை நம்பி ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். முடிந்தால் நேரில் பார்த்து வாங்குங்கள்.

நேற்று போட்டிருப்பது ஊதா நிறக் கஸ்டம் கூகர், அட்டையோடு. புதுப் பெயர், புது ஊர், பச்சை டிக் இருக்கிறது. ஆனால் மேஜை அதேதான். இழுப்பறையின் பித்தளைக் கைப்பிடியில் இடது பக்கத்து ஸ்க்ரூ இல்லை, அந்தத் துளையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். என் வீடியோவிலும் அது அப்படியே இருக்கிறது. தளத்துக்கு இரண்டு படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன், காலைக்குள் பதில் வருகிறதா பார்க்கிறேன். அந்தக் கைப்பிடியை எங்கேயாவது பார்த்தால் பணம் கட்டாதீர்கள், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.