கலியாண வீடியோவை டிவிடியில் அடிக்கக் கொடுக்கிறீர்களா? கடைசி அரை மணி நேரத்தைப் போட்டுப் பாருங்கள்

கிளிநொச்சி, பரந்தன் பக்கம் கலியாணவீடு, சாமத்தியவீடு என்று வீடியோ எடுத்து, அதை டிவிடியில் அடிக்கக் கொடுக்க இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. அவர்கள் ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும், எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

இந்தக் காலத்தில் டிவிடியா என்று கேட்பீர்கள். தங்கச்சியின் கலியாண வீடியோ எங்களுக்குப் பென்ட்ரைவில்தான் வந்தது. மூன்று மணி நேரப் படம், முழு எச்டி. ஆனால் ஒட்டுசுட்டானில் பெரியம்மா வீட்டிலும் முள்ளியவளையில் மாமா வீட்டிலும் இருப்பது பழைய பெட்டி டிவியும் டிவிடி பிளேயரும். பென்ட்ரைவ் குத்த இடமே இல்லை. வயதுபோன சனத்துக்கு மாப்பிள்ளை பொம்பிளை படம் போட்ட உறையோடு ஒரு டிஸ்க் கையில் கிடைத்தால்தான் கலியாணம் நடந்ததாகவே கணக்கு. அதனால் 20 கொப்பி கேட்டோம்.

கடையில் நின்ற பெடியன் ஒரு டிஸ்க்கைத் தூக்கிக் காட்டினான். "அண்ணை, இது 16 எக்ஸ். ஐஞ்சு நிமிசத்துக்கு ஒண்டு வரும். பின்னேரம் வாங்கோ." பாதிக் காசை முதலிலேயே வாங்கிவிட்டார்கள். பின்னேரம் போனால் நாளைக்கு என்றார்கள். பிறகு கரண்ட் இல்லை, பிறகு டிஸ்க் எழுதும் ரைட்டர் பழுது. கரண்ட் இல்லை என்று சொன்ன நேரத்தில் எதிர்க்கடையில் சோடாக் குளிர்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. தங்கச்சியின் மாமியார் கனடாவுக்குத் திரும்பும் நாள் கிட்ட வந்ததும், "அவசரமெண்டால் எக்ஸ்பிரஸ் கூலி இருக்கு" என்றார் முதலாளி. அதையும் கொடுத்துத்தான் டிஸ்க்குகளை வாங்கினோம்.

பில்லில் 20 டிஸ்க் விலை, 20 எக்ஸ்பிரஸ், அதற்கு மேல் 20 கன்வேர்ட் கூலி. பகல் கொள்ளை இந்தக் கடைசி வரியில்தான்.

நேரம் எங்கே போகிறது என்று சொல்கிறேன். பழைய டிவிடி பிளேயருக்கு எம்பி4 கோப்பு புரியாது. படத்தை டிவிடிக்குரிய எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இதுதான் கன்வேர்ட். எங்கள் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறைக்கு 720க்கு 576 அளவு, வினாடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படம். மூன்று மணி நேரப் படத்தில் 270,000 பிரேம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் கொம்பியூட்டர் பிரித்து, சிறிதாக்கி, மறுபடி சுருக்க வேண்டும். பழைய கொம்பியூட்டர் என்றால் படம் ஓடும் நேரத்தைவிடக் கூடுதலாகவே எடுக்கும். அதற்குப் பிறகு மெனு போட்டு, டிவிடிக்குரிய கோப்புகளாகக் கட்டும் வேலையும் உண்டு. மணிக்கணக்கு போவது இங்கேதான்.

ஆனால் இதெல்லாம் ஒரு தடவை செய்யும் வேலை. ஒரு பானையில் சோறு ஆக்கி 20 இலையில் போட்டுவிட்டு, இலைக்கு ஒரு தடவை உலை வைத்த கூலி கேட்டால் விடுவீர்களா?

அந்த ஐந்து நிமிடக் கதையும் பாதிதான் உண்மை. எக்ஸ் என்பது எழுதும் வேகம். 1 எக்ஸ் என்றால் வினாடிக்கு 1,385 கிலோபைட். 4.7 ஜிபி டிஸ்க் நிறைய அந்த வேகத்தில் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் எடுக்கும். அதை 16 ஆல் பிரித்தால் நாலு நிமிடத்துக்கும் குறைவாக வரும், ஆனால் நடப்பது அப்படி இல்லை. டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. உள்வட்டத்தில் வேகம் பாதிக்கும் கீழே தொடங்கி, வெளிவிளிம்பை நெருங்கும்போதுதான் 16ஐத் தொடும். டிஸ்க்கில் உள்ள தயாரிப்பாளர் குறியீடு ரைட்டருக்குத் தெரியாவிட்டால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். முடிவில் டிஸ்க்கை மூடுவதற்கு, அதாவது பிளேயர் வாசிக்கும்படி முடித்துவைப்பதற்கு, கொஞ்ச நேரம். எழுதியது சரியா என்று திருப்பி வாசித்துப் பார்த்தால் இன்னும் கொஞ்ச நேரம். ஆகவே மெதுவாக அடிக்கிறார்கள் என்பதற்காக ஒரு கடையோடும் சண்டை பிடிக்காதீர்கள். மெதுவாக அடித்தது நல்லதாகவும் இருக்கலாம்.

எங்களுக்கு நடந்தது எதிர்மாறு. நாட்களை இழுத்தடித்துவிட்டு, கடைசியில் மலிவு டிஸ்க்கில் உச்ச வேகத்தில் அடித்து, திருப்பி வாசித்துப் பார்க்காமலே தந்திருக்கிறார்கள். கடையில் ஒன்றைப் போட்டு, பிள்ளையார் படமும் பன்னீர்ச் செம்பும் வரும் தொடக்கத்தைக் காட்டி, "கிளியராத்தானே போகுது?" என்றார்கள். தொடக்கம் இருப்பது உள்வட்டத்தில். அங்கே பிழைப்பது குறைவு. வேகம் உச்சத்துக்குப் போவதும் மலிவு டிஸ்க்கின் பூச்சு பலவீனமாக இருப்பதும் வெளிவிளிம்பில். பெரியம்மா ஆசையோடு காத்திருந்தது தான் அறுகரிசி போடும் இடத்துக்காக. படம் கட்டம் கட்டமாக உடைந்து, அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மாமா வீட்டிலும் கிட்டத்தட்ட அதே இடம். கேட்கப் போனால், "உங்கட பிளேயர் பழசு அண்ணை" என்கிறார்கள். இரண்டு வீட்டுப் பிளேயரும் பேசிவைத்துக்கொண்டா பழுதானது?

மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் திணித்ததும் பிழை. அப்படித் திணித்தால் படத்துக்கு வினாடிக்கு 3.5 மெகாபிட் அளவு தரவுதான் கிடைக்கும். டிவிடியில் 9.8 வரை போகலாம். ஆட்டம் பாட்டம் வரும் இடமெல்லாம் கலங்கிப் போயிருந்தது. இரண்டு டிஸ்க்காகப் பிரித்திருக்க வேண்டும். கனடாவில் பழைய பிளேயர்கள் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு டிவி முறை. சிலது பால் டிஸ்க்கை எடுக்காது. கனடாவுக்குப் போகும் கொப்பி என்று சொல்லியும் அதை ஒருவரும் கேட்கவில்லை. மாமியார் அந்த டிஸ்க்கோடுதான் விமானம் ஏறினார்.

பிறகு அதே பென்ட்ரைவை வவுனியாவில் ஒரு சின்னக் கடையில் கொடுத்தோம். அந்தத் தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார்: "இரவு கன்வேர்ட் போட்டால் விடியத்தான் முடியும். பிறகு 4 எக்ஸில அடிச்சு செக் பண்ண, டிஸ்க்குக்கு அரை மணித்தியாலம் வையுங்கோ." கன்வேர்ட் கூலி ஒன்றுதான் எடுத்தார். கொப்பிக்கு இரண்டு டிஸ்க். பெரியம்மா இப்போது அறுகரிசி போடுகிறார்.

கொடுக்கும்போதே கன்வேர்ட் ஒரு தடவை, டிஸ்க் இத்தனை, என்ன வேகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வாங்கும்போது கடையிலேயே கடைசிப் பகுதிக்கு ஓட்டிப் பாருங்கள், ஒன்றை மட்டுமல்ல, இடையில் நாலைந்தை எடுத்து. பில் கையில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். எங்கள் பில்லில் 'கன்வேர்ட் 20' என்று அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறார்கள்.