அக்கி ஆறியும் ஆறாத நோவு: வன்னியில் எந்த மருந்து யாருக்குப் பொருந்தும்?

அக்கிக்கும் அதன் பின் நீடிக்கும் நரம்பு நோவுக்கும் எந்த மருந்து நல்லது என்று விசாரிப்பவர்கள் பெரும்பாலும் மருந்துகளின் வீரியத்தையே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இலங்கையின் வடக்கே உள்ள வன்னிப் பகுதியைப் பொறுத்தவரை அந்த ஒப்பீட்டை வேறு இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்குவதே முறை என்று கருதுகிறேன்: கொப்புளம் போட்டு எத்தனை நாளாயிற்று, நோயாளியின் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது. இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் பாமசியில் அடுக்கியிருக்கும் மருந்துகளில் பாதி தாமாகவே விலகிவிடும்.

கொப்பளிப்பான் வந்து மாறிய பின்னும் அந்த வைரசு உடலை விட்டுப் போவதில்லை. முள்ளந்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடந்து, முதுமையாலோ புற்றுநோய்ச் சிகிச்சை போன்ற காரணத்தாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்து சேர்கிறது. அக்கி உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கிளம்பி நடுக்கோட்டில் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே எரிவும் குத்தும் தொடங்கிவிடுவதால், நெஞ்சுப் பக்கம் வந்தவர் மாரடைப்பு என்றும் இடுப்புப் பக்கம் வந்தவர் கல்லடைப்பு என்றும் பயந்து வைத்தியசாலைக்கு ஓடுவதுண்டு. அக்கி உள்ளவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கி தொற்றாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், கொப்பளிப்பான் வராதவருக்குக் கொப்பளிப்பான் வரலாம் என்பதால் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் விலகியிருப்பது நல்லது.

முதல் நாட்களில் போட்டி காவி மண்ணுக்கும் குளிசைக்கும் இடையில்தான். காவி எழுதுவதும் வேப்பிலையால் தடவுவதும் தமிழ் ஊர்களில் நெடுநாள் வழக்கம். காவியின் குளிர்ச்சியில் எரிவு சற்று அடங்குவது உண்மை. நரம்புக்குள் பெருகும் வைரசை அது தொடுவதில்லை என்பதும் உண்மை. உடைந்த கொப்புளத்தில் பூசினால் அழுக்குச் சேர்ந்து புண் சீழ் பிடிக்கவும் கூடும். இருந்தும் என் குறை காவியின் மேல் இல்லை, அதற்காகக் கழியும் நாட்களின் மேல்தான். வைரசு எதிர்ப்பு மருந்தைக் கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் எதிர்பார்க்கலாம். துணுக்காய்ப் பக்கத்து உட்கிராமம் ஒன்றிலிருந்து மாங்குளம் ஆதார வைத்தியசாலைக்கோ கிளிநொச்சிக்கோ பஸ் பிடித்து வந்து போவதற்கே ஒரு பகல் கழிந்துவிடும் இடத்தில், மூன்றாம் நாளும் காவியோடு இருப்பவருக்கு அந்த அவகாசம் முடிந்துவிடுகிறது. காவி பூசத்தான் வேண்டுமென்றால் முதல் குளிசையை விழுங்கிவிட்டு, உடையாத தோலில் பூசிக்கொள்ளட்டும். புதிய கொப்புளங்கள் இன்னும் கிளம்பிக்கொண்டிருந்தால் 72 மணித்தியாலம் கடந்த பிறகும் வைத்தியர்கள் மருந்து தருவார்கள்.

வைரசு எதிர்ப்பு மருந்துகள் மூன்று. அசைக்குளோவிர் 800 மில்லிகிராம் வீதம் நாளுக்கு 5 தடவை, வலசைக்குளோவிர் 1,000 மில்லிகிராம் வீதம் 3 தடவை, பம்சைக்குளோவிர் 500 மில்லிகிராம் வீதம் 3 தடவை. மூன்றும் வழக்கமாக 7 நாட்களுக்கு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் முதல் இரண்டையும் ஒப்பிட்டு 1995இல் வெளியான ஆய்வில், நோவு தணிய அசைக்குளோவிர் எடுத்தவர்களுக்கு இடைநிலையாக 51 நாட்களும் வலசைக்குளோவிர் எடுத்தவர்களுக்கு 38 நாட்களும் பிடித்தன. அந்த வேறுபாட்டைவிட நடைமுறையில் பெரியது நாளுக்கு ஐந்து தடவை என்ற தொல்லைதான்: விடியற்காலையில் வயலுக்குப் போகும் ஒருவர் நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை குளிசை போடுவார் என்று எதிர்பார்ப்பது கடினம். வாங்க வசதியுள்ளவருக்கு வலசைக்குளோவிரே மேல். அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைப்பது அசைக்குளோவிர் என்றால் அதையே அன்றைக்கே தொடங்குவது, நல்லதைத் தேடி மறுநாள் வவுனியாவுக்குப் போவதைவிட எவ்வளவோ மேல். எதை எடுத்தாலும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வெயிலில் உடல் வறண்டிருக்கும்போது அசைக்குளோவிர் சிறுநீரகத்தில் பளிங்காகப் படிந்து தீங்கு செய்யக்கூடும்.

இம்மருந்துகள் கொப்புளத்தையும் ஆரம்ப நோவையும் குறைக்கின்றன. நீடித்த நரம்பு நோவு வராமல் தடுக்கும் என்ற உறுதியை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில் அசைக்குளோவிர் அதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்றே கண்டது. ஸ்டீரொய்ட் குளிசைகளாலும் அது தடுக்கப்படுவதில்லை. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் இந்த ஒப்பீடுகளுக்கெல்லாம் நேரமில்லை: அது கண்ணுக்குப் போகும் நரம்பு, அன்றைக்கே கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கொப்புளம் கிளம்பி 90 நாள் கடந்தும் நோவு நீடித்தால் அதை அக்கிக்குப் பிந்திய நரம்பு நோவு என்பார்கள். அறுபதைக் கடந்தவர்களுக்கும், தொடக்கத்தில் கொப்புளமும் நோவும் கடுமையாக இருந்தவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. கிளினிக் வாங்கில் இருக்கும் அப்படியான ஒருவரை அடையாளம் காண்பது எளிது. சட்டையின் ஒரு பக்கத்தைத் தோலில் படாமல் இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தபடி இருப்பார். மின்விசிறிக் காற்று அந்தப் பக்கம் படாதவாறு திரும்பி அமர்ந்திருப்பார். உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் பொறுத்துக்கொள்வார், துணி உரசினால் துடித்துப்போவார். தோல் ஆறிவிட்டது, நரம்பு ஆறவில்லை. இந்த நோவுக்குப் பரசிற்றமோல் பெரிதாக உதவாது. பலர் கடையில் கேட்டு வாங்கும் டைக்குளோபெனக்கோ நரம்பு நோவுக்கு உதவாததோடு சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. பலன் தரக்கூடிய குளிசைகள் அமிற்றிப்டிலின், கபபென்ரின், பிரிகபலின் ஆகியவை.

பலவகை நரம்பு நோவுகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான விரிவான மீளாய்வில், ஒருவருக்கு நோவு பாதியாகக் குறைய எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள்; எண் சிறிதானால் மருந்து மேல். அமிற்றிப்டிலின் வகைக்கு அது 3.6 பேர், கபபென்ரினுக்கு 6.3 பேர், பிரிகபலினுக்கு 7.7 பேர். அதாவது மிகப் பழைய, மிக மலிவான குளிசைதான் எண்ணிக்கையில் முன்னிற்கிறது. அமிற்றிப்டிலினைப் பற்றிய பழைய ஆய்வுகள் சிறியவை என்பதால் இந்த முன்னிலையைச் சற்றுக் குறைத்தே மதிக்க வேண்டும். ஆனாலும் விலை கூடியதால் பிரிகபலின் சிறந்தது என்ற எண்ணத்துக்கு இங்கே ஆதாரம் எதுவும் இல்லை.

அமிற்றிப்டிலின் மனச்சோர்வுக்கென வந்த மருந்து. அதைக் கேள்விப்பட்டதும் "எனக்கென்ன விசரோ?" என்று குளிசையை எறிந்துவிடும் பெரியவர்கள் உண்டு. நோவுக்குக் கொடுக்கும் அளவு மிகச் சிறியது என்பதை, இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவதை, மருந்து எழுதும்போதே சொல்லிவிட்டால் இந்தக் கோபம் வராது. வன்னிக்கு இதில் ஒரு பெரிய வசதி, ஈரலே இதைச் சிதைக்கிறது, சிறுநீரகத்தை இது பெரிதாக நம்பியிருப்பதில்லை. கேடும் உண்டு: வாய் வறளும், மலம் இறுகும், எழும்பும்போது தலைசுற்றி விழுத்தும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், கண் அழுத்த நோயின் சில வகை உள்ளவர்கள், சிறுநீர் போகச் சிரமப்படும் வயதான ஆண்கள் ஆகியோருக்கு இது ஆகாது. தூக்கமும் வரும். நோவால் தூங்காதவருக்கு அது வரம். யானைக்கும் பன்றிக்கும் பயந்து இரவில் வயல் கொட்டிலில் காவல் இருப்பவருக்கு அது ஆபத்து. காவல் முறை இருக்கும் நாட்களை வைத்தியரிடம் சொன்னால் அவர் நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார். ஆனால் இதைச் சொல்வோர் அரிது.

கபபென்ரினும் பிரிகபலினும் ஒரே குடும்பம். இரண்டும் உடலில் சிதையாமல் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகின்றன, வன்னியில் தயங்க வேண்டிய இடமும் அதுதான். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நின்றுவிடாமல் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காணப்படுகிறது. ஆரம்பக் கட்டத்தில் அந்த நோய்க்கு அறிகுறியே இருக்காது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் மருந்து உடலில் தேங்கி, மயக்கமும் தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் வரும். வீட்டார் அதைப் பாரிசவாதம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆகவே கமக்காரர் ஒருவருக்கு இவற்றைத் தொடங்கும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவை இரத்தத்தில் பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வலசைக்குளோவிருக்கும் அளவு குறைக்க வேண்டி வருவதால் அந்த ஒரு சோதனை இரண்டு வேளைக்கு உதவும்.

இரண்டுக்கும் இடையில் தெரிவு செய்வதானால், கபபென்ரின் நாளுக்கு மூன்று தடவை எடுக்க வேண்டியது. 300 மில்லிகிராமில் தொடங்கி 1,800 வரை படிப்படியாக ஏற்ற வேண்டும். அளவு கூடக்கூடக் குடல் உறிஞ்சும் வீதம் குறைந்துபோகும். வயிற்றெரிவுக்குக் குடிக்கும் அமில எதிர்ப்பு மருந்தோடு சேர்த்து எடுத்தால் இன்னும் குறையும். பிரிகபலின் நாளுக்கு இரண்டு தடவை போதும், ஏற்றுவதும் விரைவு, கொடுத்த அளவுக்கேற்பவே இரத்தத்தில் சேரும். வசதியில் பிரிகபலின் முந்துகிறது. ஆனால் அது போதைக்காக விற்கப்படுவதும் பொலிஸாரிடம் பிடிபடுவதும் வடக்கில் அடிக்கடி செய்தியாகும் காலம் இது. இளைஞர்கள் உள்ள வீட்டில் அந்தப் பெட்டியை மேசையில் விட்டுவைக்க முடியாது. நான் கபபென்ரினையே முன்னால் வைப்பேன்.

வன்னிக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. 2009இல் முடிந்த போரில் காலை இழந்தவர்களும் உடலில் துண்டுகளைச் சுமப்பவர்களும் இங்கே பலர். அந்த நரம்பு நோவுக்காக இதே குளிசைகளில் ஒன்றை ஏற்கனவே எடுத்துவருபவர்களும் அவர்களில் உண்டு. அப்படியான ஒருவருக்கு அக்கி வந்து வேறொரு கிளினிக்கில் காட்டும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகாவிட்டால், ஒரே மருந்து வேறு வர்த்தகப் பெயரில் இரண்டு மடங்காகிவிடும். இக்குளிசைகளைத் திடீரென நிறுத்துவதும் கூடாது. நோவு அடங்கிய பிறகு சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

குளிசை ஒத்துக்கொள்ளாதவருக்குத் தோலில் இடுபவை இரண்டு உள்ளன. 5 சதவீத லிக்னோகேயின் ஒட்டுப்பட்டையை ஆறிய தோலில் நாளுக்கு 12 மணித்தியாலம் ஒட்டலாம். இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால் சிறுநீரகமும் இதயமும் பழுதான முதியவருக்கு இதைப் போலப் பாதுகாப்பானது வேறில்லை. விலை கூடியது என்பதோடு வியர்வையில் கழன்றுவிடுவதும் இதன் குறை; பகலில் ஒட்டி வெயிலில் நிற்பதைவிட இரவில் ஒட்டுவது பயன் தரும். மற்றது கப்சைசின் களிம்பு, மிளகாயின் உறைப்பேதான். நாளுக்கு மூன்று நான்கு தடவை, வாரக்கணக்கில், எரிவைப் பொறுத்துக்கொண்டு பூச வேண்டும். மிளகாய் நட்டுப் பறிப்பவர்களுக்கு அந்த எரிவு புதிதல்ல என்றாலும், பூசிய கையால் கண்ணைத் தொடும் ஆபத்து அவர்களுக்கும் உண்டு. நான் இதைக் கடைசியில் வைப்பேன்.

நோவு வந்த பிறகு எடுப்பவற்றையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் தடுப்பூசியே கனக்கும். இதிலும் இரண்டு உண்டு. உயிருள்ள வைரசைப் பலவீனமாக்கிச் செய்த சொஸ்ராவக்ஸ் அக்கியைப் பாதியளவுக்கும் பின்நோவை மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைத்தது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு அதைக் கொடுக்க முடியாது, அமெரிக்காவில் அதன் விற்பனை 2020இல் நிறுத்தப்பட்டது. 2017இல் அங்கே அனுமதி பெற்ற ஷிங்றிக்ஸில் உயிருள்ள வைரசு இல்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் செய்த ஆய்வுகளில் அது அக்கியை 90 சதவீதத்துக்கு மேல் தடுத்தது. இலங்கையின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அக்கித் தடுப்பூசி இல்லை. வெளிநாட்டில் பிள்ளைகளோடு சில மாதம் தங்கப் போகும் பெற்றோர் அங்கே போடுவதானால், இரண்டாவது ஊசி முதலாவதிலிருந்து 2 முதல் 6 மாதத்துக்குள் வர வேண்டும் என்பதைப் பயணத் திகதியோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பு அக்கி வந்தவர்களும் கொப்புளம் முற்றாக ஆறிய பின் போடலாம்; ஏற்கனவே நீடிக்கும் நரம்பு நோவை மட்டும் அது மாற்றாது.