கண்ணாடி அறை, முழுத்தடை, மொட்டைமாடி: விமான நிலையத்தில் புகைப்பவருக்கு எது பொருந்தும்?

பாதுகாப்புச் சோதனையைக் கடந்து உள்ளே வந்துவிட்ட பயணி புகைபிடிக்க விரும்பினால், விமான நிலையங்கள் அவருக்கு மூன்று விதமான பதில்களைத் தருகின்றன: அடைத்த அறை, இடமே இல்லை என்ற மறுப்பு, கூரையற்ற திறந்தவெளி.

முதல் வழியை இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகள், பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடைசெய்துவிட்டு, விமான நிலையம், 30 அறைகளுக்குக் குறையாத விடுதி போன்ற சில இடங்களில் மட்டும் தனி அறைக்கு இடம் தருகின்றன. அந்த அறைக்கு முழு உயரச் சுவரும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் வேண்டும். உள்ளிருக்கும் காற்று, கட்டடத்தின் மற்றப் பகுதிகளில் கலக்காமல் நேரே வெளியேற வேண்டும். தீப்பெட்டியையோ லைட்டரையோ பயணி கொண்டுவர முடியாது என்பதால், பற்றவைக்கும் கருவியைச் சுவரிலேயே பதித்துவைப்பதும் உண்டு.

காகிதத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் புகையும் ஆளோடு சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய பகுதிகளை ஒட்டிய இடங்களில் புகையால் உண்டாகும் காற்று மாசு, முழுத்தடை உள்ள விமான நிலையங்களில் இருந்ததைப்போல் ஐந்து மடங்காக இருந்தது. உள்ளே இருந்த அளவோ இருபது மடங்கையும் தாண்டியது. புகைப்பவர் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். அந்த அறையைக் கூட்டிப் பெருக்கும் தொழிலாளி மறுநாளும் அங்கேதான் வர வேண்டும். எனவே, மூன்றில் மிகவும் பலவீனமான ஏற்பாடு இதுவே என்பது என் கருத்து.

முழுத்தடை இந்தச் சிக்கலை வேரோடு நீக்குகிறது. லண்டன் ஹீத்ரோவில் சோதனைக்குப் பின் புகைக்க இடமே கிடையாது; அமெரிக்காவின் அட்லாண்டா விமான நிலையம் 2020 ஜனவரியில் தன் புகை அறைகளை மூடிவிட்டது. உள்ளூரில் புறப்படுபவர் வாசலிலேயே புகைத்துவிட்டு வரலாம். இடைமாறும் பயணியின் நிலை வேறு: விசா இல்லாவிட்டால் அவரால் வெளியே போகவே முடியாது, போக முடிந்தாலும் திரும்பவும் வரிசையில் நின்று சோதனைக்கு உட்பட வேண்டும். இத்தகையவர்களில் சிலர் கழிவறையை நாடுவார்கள் என்பதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். விமானத்துறையே அதை எதிர்பார்க்கிறது: புகைக்கத் தடையுள்ள விமானத்தின் கழிவறையிலும் சாம்பல் கிண்ணம் இருந்தாக வேண்டும் என்பது விதி, தடையை மீறுபவர் நெருப்பைக் காகிதக் குப்பையில் போட்டுவிடக் கூடாதல்லவா?

மூன்றாவது வழிக்குச் சிங்கப்பூர் சாங்கி நல்ல எடுத்துக்காட்டு. முதல் முனையத்தின் மாடியில் உள்ள கள்ளித் தோட்டத்தில், குடிநுழைவுச் சோதனையைக் கடந்து வெளியே செல்லாமலேயே, வானத்தின் கீழ் நின்று புகைக்கலாம். அங்கே வெயிலும் புழுக்கமும் உண்டு. ஆனால் புகையைச் சிதறடிக்கும் வேலையை எந்த இயந்திரமும் இல்லாமல் காற்றே செய்துவிடுகிறது. கதவுக்கு மிக அருகில் இடம் ஒதுக்கினால் புகை உள்ளே திரும்பும் என்பதால், தூரத்தைக் கணக்கிட்டு அமைக்க வேண்டும். மாடியிலிருந்து விமானத் தளத்துக்குப் பொருள்களை எறிய இயலாதபடி உயரமான தடுப்பும் தேவை. புதிய முனையத்தின் வரைபடத்திலேயே இதற்கு இடம் ஒதுக்கிவிட்டால் செலவு பெரிதாகாது; கட்டி முடித்த முனையத்தில் மாடியைத் திறப்பது கடினம் என்பதால்தான் பல நிலையங்கள் கண்ணாடி அறையோடு நின்றுவிடுகின்றன.