தாண்டிக்குடிக் காபிக்கு எந்த முத்திரை?

ஐக்கிய நாடுகள் அவை 2015 செப்டம்பரில் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றது. அவற்றை எட்டக் கெடு 2030. அதன் பிறகு காபித்தூள் பொட்டலங்களின் முதுகில் அந்த இலக்குகளின் சின்னமான பல வண்ணச் சக்கரம் முளைக்கத் தொடங்கியது. அந்தச் சக்கரம் எதற்கும் சான்று ஆகாது. ஐ.நா. எந்தத் தோட்டத்தையும் சோதித்து முத்திரை கொடுப்பதில்லை. வணிகத்துக்காக அதை அச்சிடுவதற்கே முன்அனுமதி வாங்க வேண்டும்.

ஆக, திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் காபி போட்டிருப்பவர் தன் தொழில் அந்த இலக்குகளோடு ஒத்துப்போகிறது என்று சொல்ல விரும்பினால், தோட்டத்துக்குள் வந்து பார்த்துச் சொல்ல யாராவது வேண்டும். அதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன.

அரசு முறைப்படியான அங்ககச் சான்றுதான் (இயற்கை வேளாண்மைக்கான சான்று) பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். கோயம்புத்தூரில் இதற்கென்றே மாநிலத் துறை இருக்கிறது, சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தும் வாங்கலாம், ஏற்றுமதிக்கும் செல்லும். சிக்கல் காத்திருப்பில். காபி பல்லாண்டுப் பயிர் என்பதால் மாறுதல் காலம் 3 ஆண்டு. அந்த 3 ஆண்டும் ரசாயன உரமும் மருந்தும் போடாமல் விளைச்சல் குறையும், விலையோ சாதாரணக் காபியின் விலைதான். போதாக்குறைக்கு அரபிகா வகைக் காபியில் வெள்ளைத் தண்டு துளைப்பான் பூச்சி விழுந்தால் செடியைத் தேடிப் பிடுங்கி எரிப்பதைத் தவிரப் பெரிய வழி இல்லை. கையிருப்பு இல்லாதவர் இதில் இறங்கினால் நடுவழியில் நிற்பார்.

பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறையில் அக்கம்பக்கத்து விவசாயிகளே ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதிக்கிறார்கள். செலவு குறைவு, காகிதமும் குறைவு. ‘பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுப்பாரா?’ என்று கேட்பவர்கள் உண்டு. மலைக்கிராமத்தில் யார் தோட்டத்துக்கு எந்த மூட்டை ஏறுகிறது என்பது டீக்கடை வரைக்கும் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை வந்துபோகும் அதிகாரியை ஏமாற்றுவதைவிட அவர்களை ஏமாற்றுவது கடினம் என்பது என் எண்ணம். ஒரே குறை, இந்தச் சான்று உள்நாட்டு விற்பனைக்குத்தான்.

மூன்றாவது, பச்சைத் தவளை முத்திரை: ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ். 2018-இல் யூடிஇசட் என்ற இன்னொரு சான்று அமைப்பு இதோடு இணைந்தது. பூச்சிமருந்தை இது முழுக்கத் தடுப்பதில்லை, தடைப்பட்டியலில் உள்ளவற்றை மட்டும் ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் கூலி, குழந்தைத் தொழிலாளர், குடியிருப்பு, குடிநீர் என்று பழம் பறிக்கும் ஆட்களைப் பற்றி மற்ற மூன்றையும்விட விரிவாகக் கேட்பது இதுதான். 8-ஆவது இலக்கான கண்ணியமான வேலையைப் பற்றிப் பேசுபவர் இதைத் தவிர்க்க முடியாது. சந்தை விலைக்கு மேல் ஒரு தொகையை வாங்குபவர் கொடுத்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு. எவ்வளவு என்பது பேரம். மூன்று ஏக்கர்க்காரரிடம் பேரம் பேசும் வலு ஏது?

நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது, கிடைப்பதற்கு மிகவும் அரியது: அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தரும் பறவை நேயச் சான்று. முதலில் அங்ககச் சான்று இருக்க வேண்டும். அதன் மேல் குறைந்தது 40 சதவீத நிழல், முதன்மை நிழல் மரங்களுக்கு 12 மீட்டர் உயரம், 10 வகை மரங்கள். கீழ்ப்பழனியின் பழைய தோட்டங்களுக்கு இது புதிதல்ல. பலாவும் நாவலும் கல்யாண முருங்கையும் மேலே, மிளகுக் கொடி நடுவில், காபியும் மலைவாழையும் கீழே என்பதுதான் இந்த மலையின் வழக்கம். ஆனால் நேராக வளரும், மிளகு ஏறும், வெட்டு மரமாகவும் விற்கும் என்று சில்வர் ஓக்கை மட்டும் வரிசையாக நட்டவர்கள் இந்தத் தேர்வில் தோற்பார்கள். தோற்கவும் வேண்டும். ஒரே மரத்தின் நிழலைக் காடு என்று விற்பது நியாயமில்லை.

நான்கில் எதை வாங்கினாலும் நான் பார்க்கும் இடம் பழத்தோலை உரிக்கும் எந்திரமான பல்பர். அறுவடைக் காலத்தில் பழத்தின் தோலை உரித்து, கொட்டையின் வழவழப்பு போக ஒரு நாளுக்கு மேல் தொட்டியில் ஊறவைத்துக் கழுவுவார்கள். வெளியே வரும் பழுப்பு நீர் புளித்து நாறும். ஓடையில் விட்டால் தண்ணீரிலுள்ள உயிர்க்காற்றை உறிஞ்சிவிடும். இந்த மலைச்சரிவின் ஓடைகள் இறங்குவது கீழேயுள்ள ஊர்களின் அணைகளுக்கும் கிணறுகளுக்கும்தான். ஒரு கிலோ கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். மீதியில் பெரும்பகுதி தோலும் வழவழப்பும் ஈரமும். தோலை மக்க வைத்து, நீரைக் குழியில் தேக்கிச் சுண்ணாம்பு போட்டு ஆற வைக்காத தோட்டம், 6-ஆவது இலக்கான நீரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பழத்தை அப்படியே களத்தில் காயவைத்துச் செர்ரியாக விற்பவருக்கு இந்தத் தொல்லையே இல்லை, விலை மட்டும் குறையும்.

ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டம் தனிக் கதை. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்துக் காபியை அது ஏற்காது. தோட்டத்தின் அமைவிடக் குறியீட்டைக் கேட்கிறது. முத்திரை எதுவும் அதற்கு மாற்று ஆகாது.

பட்டிவீரன்பட்டி வியாபாரிக்கும் சென்னை வாடிக்கையாளருக்கும் விற்கும் சிறு தோட்டக்காரர் பி.ஜி.எஸ்.ஸில் தொடங்கட்டும். ஆட்கள் வைத்து வேலை வாங்கும் பெரிய தோட்டத்துக்குத் தவளை. வாங்க ஆள் முன்கூட்டியே கிடைத்தால் மட்டும் அங்ககமும் பறவையும்.