தங்கமா, இரும்பா?
புற்றுக்கட்டியைச் சுட வேண்டும், மருந்தையும் அங்கேயே இறக்க வேண்டும். எந்த நானோ துகள் ஏற்றது?

தங்கம்: சிலிக்கா உருண்டைமேல் மெல்லிய தங்கப் பூச்சு. அண்மை அகச்சிவப்பு லேசரை வாங்கி வெப்பமாக்கும். ஒளி படும் இடம் மட்டுமே சுடும். அந்தத் துல்லியம் அருமை. ஆனால் சில சென்டிமீட்டருக்குள் ஒளி மங்கிவிடும். ஆழத்திலுள்ள கட்டிக்கு ஒளியிழையைச் செருகியாக வேண்டும்.

இரும்பு ஆக்சைடு: மாறுகாந்தப் புலத்தில், அதாவது திசை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தில், சூடாகும்; புலத்துக்கு மண்டையோடும் தடையில்லை. மூளைக்கட்டிக்கு ஐரோப்பாவில் 2010இல் அனுமதி கிடைத்தது. ஆனால் தலையருகே உலோகம் ஆகாது. பல்லில் அடைத்த உலோகத்தைக்கூட எடுத்துவிடுகிறார்கள். பாவம், நோயாளிக்கு அது கூடுதல் வேதனை.

மருந்துக்கு இரண்டுமே ஒத்துழைக்கும்: சுமார் 41 டிகிரி செல்சியஸில் இளகும் கொழுப்புக் குமிழியில் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை அடைத்துத் துகளோடு சேர்க்கலாம். ஆழமான கட்டியென்றால் என் தேர்வு இரும்புதான்.