ஹப்பைப் பூட்டியபடி தார் வீதியில் ஓடலாமா? யாழ்ப்பாணத்து ஓட்டத்துக்கு ஓர் ஒப்பீடு

மாரி மழை இறங்கியதும், யாழ்ப்பாணத்தில் பழைய போர்வீல் (நான்கு சில்லும் இழுக்கக்கூடிய) வாகனம் வைத்திருப்பவர்களிடையே ஒரு வாதம் கிளம்பிவிடும். மணற்காட்டுக்கோ பூநகரி வயற்கரைக்கோ போவதற்காக முன்சில்லுகளின் நடுவே உள்ள ஹப்புகளை 'லொக்'குக்கு, அதாவது பூட்டிய நிலைக்கு, திருப்பியவர், திரும்பும் வழியில் பருத்தித்துறை வீதியில் அப்படியே ஓடலாமா, அல்லது தார் தொடங்கும் இடத்தில் இறங்கி மறுபடியும் 'பிறீ'க்கு, அதாவது விடுவித்த நிலைக்கு, திருப்பவேண்டுமா என்பதே கேள்வி. ஓடவே கூடாது, கியர்ப்பெட்டி உடைந்துவிடும் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். மாரி முழுவதும் பூட்டித்தான் வைத்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் இருவேறு பூட்டுகளை ஒன்றாக நினைத்துக்கொண்டு வாதாடுகின்றன என்பது என் கருத்து.

நான் பேசுவது, முன்னச்சும் பின்னச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் நடு டிபரன்ஷியல் இல்லாத வாகனங்களைப் பற்றி: இலைவில் வைத்த பழைய ஹைலக்ஸ் டபிள் கப், 70 வரிசை லாண்ட் குரூசர், போர்க்கால ஜீப்பு, சீரிஸ் லாண்ட் ரோவர் போன்றவை. நான்கு சில்லுகளும் எந்நேரமும் இழுக்கும் டிஃபென்டருக்கும், நடு டிபரன்ஷியலோடு வரும் சூப்பர் செலக்ட் முறை பொருத்திய பஜிரோவுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. முதற்சொன்ன வகையில் இணைப்பு இரண்டு இடங்களில் நிகழ்கிறது. சாரதியின் கையருகே உள்ள சிறிய தடி, ரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பகிரும் பெட்டி) முன்பக்கச் சாஃப்டைப் பின்பக்கச் சாஃப்டோடு பிணைக்கிறது. சில்லின் நடுவில் உள்ள ஹப், முன் அக்ஸிலைச் சில்லோடு பிணைக்கிறது. இரண்டும் பிணைந்தால்தான் முன்சில்லு இழுக்கும். ஒன்று மட்டும் பிணைந்திருந்தால் வாகனம் இரண்டு சில்லில்தான் ஓடுகிறது.

ஆகவே முதலில் ஒப்பிடவேண்டியவை, ஹப்பைப் பூட்டித் தடியை 2எச்சில் (பின்சில்லு மட்டும் இழுக்கும் நிலை) வைத்து ஓடுவதும், ஹப்பைப் பூட்டித் தடியை 4எச்சில் (முன் சாஃப்டும் பிணையும் நிலை) வைத்து ஓடுவதும் ஆகும். இவை வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. 4எச்சில் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி கட்டப்பட்டுவிடுகின்றன. ஆனால் வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. அச்சுகளுக்கு இடையே 2.85 மீற்றர் உள்ள ஒரு டபிள் கப், பின்னச்சின் நடு 10 மீற்றர் ஆரையில் சுழலும்படி ஒரு சந்தியில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கால்வட்டத் திருப்பத்துக்குள் முன்னச்சு பின்னச்சைவிட ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் கூடுதலாக ஓடியாகவேண்டும். மணலிலும் சேற்றிலும் சில்லு சற்றே வழுக்கி அந்த மிச்சத்தைக் கழித்துவிடும். காய்ந்த காபெற் வீதியில் வழுக்க இடமில்லை. அந்த 60 சென்ரிமீற்றர் சாஃப்டுகளிலும் பற்சில்லுகளிலும் முறுக்கமாக ஏறி, ஸ்டியரிங் இறுகி, ரயர் கீச்சிட்டு, கடைசியில் தடியை 2எச்சுக்கு இழுத்தாலும் வராத நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அப்படிச் சிக்கினால் தடியை அடித்து இழுக்கக் கூடாது. நேராகச் சில மீற்றர் பின்னுக்கு எடுத்தால் முறுக்கம் கழன்று தடி தானாக இளகும்.

மழை பெய்து நனைந்த தாரில் 4எச் போடலாம் என்ற எண்ணம் இங்கே பரவலாக உண்டு. அதை நான் ஏற்கவில்லை. நனைந்த தாருக்கும் போதுமான பிடிப்பு இருப்பதால் முறுக்கம் அங்கேயும் ஏறும். மேலும் நம்மில் பலர் காசு வசதிப்படி ரயர்களை இரண்டிரண்டாகத்தான் மாற்றுகிறோம். முன்னுக்குப் புது ரயரும் பின்னுக்குத் தேய்ந்த ரயருமாக ஓடுகிற வாகனத்தில், விட்டம் வேறுபடுவதால், நேர்வீதியில்கூட அந்த முறுக்கம் சேர்ந்துகொண்டே போகும்.

2எச்சில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஹப் பூட்டியிருந்தால் சில்லு அக்ஸிலைச் சுழற்றும், அக்ஸில் முன் டிபரன்ஷியலை (இரு முன்சில்லுகளுக்கும் விசையைப் பகிரும் பற்சில்லுத் தொகுதி) சுழற்றும், அது முன் சாஃப்டைச் சுழற்றும். அந்தச் சுழற்சி ரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் வெறுமனே முடிந்துவிடும். பின்னச்சோடு அதற்குத் தொடர்பில்லாததால் எந்த வளைவிலும் எதுவும் முறுகாது. எனவே ஹப்பைப் பூட்டியபடி தார் வீதியில் ஓடலாம் என்பதுதான் சரியான விடை. தடி எங்கே நிற்கிறது என்பதைத்தான் ஓட்டுபவர் கவனிக்கவேண்டும்.

அப்படியானால் ஹப்பை எதற்காக விடுவிப்பது? 1948 இல் ஆர்தர் வார்ன் என்ற அமெரிக்கர், போரில் மிஞ்சிய ஜீப்புகளை வீதியில் ஓட்டுவோருக்காக இந்தப் பூட்டும் ஹப்புகளைச் செய்யத் தொடங்கினார். இழுக்காத முன்பக்க உறுப்புகளைச் சில்லு வீணாகச் சுழற்றிக்கொண்டிருப்பதைத் தவிர்ப்பதே அதன் பயன். டீசல் சற்றுக் குறையும், இரைச்சல் குறையும், தேய்மானம் குறையும். பல சீரிஸ் லாண்ட் ரோவர்களில் முன்சில்லு மூட்டில் சாதாரணக் குறுக்கு மூட்டு இருப்பதால், பூட்டியபடி வளைக்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு துடிப்புத் தெரியும். ஹைலக்ஸ், லாண்ட் குரூசரின் உருண்டை மூட்டில் அது தெரியாது. 2022 இல் கியூஆர் குறியீட்டோடு எரிபொருள் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொரு லீற்றரையும் எண்ணிப் பார்த்ததை நான் மதிக்கிறேன். ஆனால் என் வாகனத்தில் பூட்டிய ஹப்பைவிடக் காற்றுக் குறைந்த ரயர்தான் அதிகம் குடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடும்போது விடுவிப்பதில் அர்த்தம் உண்டு. நெல்லியடிக்கும் குடத்தனைக்கும் இடையே ஓடுவதற்கு அந்தச் சேமிப்பு ஒரு பொருட்டே அல்ல.

மறுபக்கத்தில், எப்போதும் விடுவித்தே வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை. சுழலாத டிபரன்ஷியலில் எண்ணெய் அடியில் தங்கிவிடும். மேலே உள்ள பெயாரிங்குகளும் பினியன் சீலும் மாதக்கணக்காக வறண்டு கிடக்கும். உப்புக்காற்று வீசும் ஊரில் அது இன்னும் கெடுதி. மாதத்தில் 16 கிலோமீற்றராவது முன்பக்க உறுப்புகளை இயக்கி எண்ணெய் பரவவிடும்படி டொயோட்டாவின் கையேடுகள் சொல்வது இதனால்தான். ஹப்பைப் பூட்டி 2எச்சில் ஓடினாலே அந்த எண்ணெய் பரவிவிடும்.

விடுவித்த ஹப்பின் இன்னொரு விலையை நான் மணற்காட்டில் கொடுத்தேன். மார்கழி மாதத்து மாலை ஒன்றில், சவுக்கமரங்களைத் தாண்டி மணலுக்குள் இறங்கியதும் தடியை 4எச்சுக்குத் தள்ளினேன், முகப்பில் விளக்கும் எரிந்தது. ஆனாலும் பின்சில்லு மட்டும் தோண்டிக்கொண்டு அச்சுவரை புதைந்தது. கரைவலைக்காரர் இருவர் பனைமட்டைகளைச் சில்லுக்குக் கீழே செருகித் தந்தார்கள். வழியால் வந்த முதியவர் ஒருவர், முன்னர் கராஜ் வைத்திருந்தவர், குனிந்து முன்சில்லைப் பார்த்தார். "தம்பி, அந்த லைற் பெட்டிக்குத்தான் எரியுது, சில்லுக்கில்லை. ஹப் ரெண்டும் பிறீயில நிக்குது" என்றார். நான் முழங்காலில் இருந்து திருப்ப முயன்றபோது, வலப்பக்க ஹப்பின் வட்டத்தகட்டுக்கும் உடலுக்கும் இடையே நுண்மணல் ஏறி அது அசையவே மறுத்தது. குறட்டால் பிடிக்க வேண்டாம் என்று அவர் தடுத்து, சாரத்தின் நுனியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்துவிட்டு, விரல்களால் இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டியே 'லொக்'குக்குக் கொண்டுவந்தார். இரு பக்கமும் பூட்டியே ஆகவேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். ஒன்று மட்டும் பூட்டியிருந்தால் டிபரன்ஷியல் விசையை விடுபட்ட பக்கத்துக்கே வீணாக்கிவிடும், சில்லு இழுக்காது.

தானாகப் பூட்டும் ஹப்புகளை இந்த இரண்டுக்கும் நடுவழி என்று விற்பவர்கள் உண்டு. 4எச் போட்டு நகர்ந்ததும் பூட்டிக்கொள்ளும், 2எச்சுக்கு மாற்றி ஓரிரு மீற்றர் பின்னுக்கு எடுத்தால் விடுபடும். தார் வீதியில் அது வசதிதான். ஆனால் நம் மணலில் சிக்கியவர் முன்னுக்கும் பின்னுக்குமாக ஆட்டித்தான் வெளியேறவேண்டும். ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் அவ்வகை ஹப் ஒருகணம் விட்டு மறுபடி 'டக்' என்று பிடிக்கும், அந்த அடியைப் பற்கள் வாங்கும். வடமராட்சி கிழக்கில் ஓடுபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஹப்புக்குப் பதிலாகப் பூட்டி, அக்ஸிலைச் சில்லோடு நிரந்தரமாகப் பிணைக்கும் தகடு இதைவிட நம்பகமானது, மறதிக்கும் இடமில்லை. ஆயினும் முன் அக்ஸில் உடைந்தால் கைஹப்பை விடுவித்துப் பின்சில்லிலேயே வீடு வந்து சேரலாம். தகடு போட்டவர் அந்த இடத்திலேயே அதைக் கழற்றவேண்டும்.

ஆகவே என் நடைமுறை இது: ஐப்பசியில் முதல் பெருமழை பெய்ததும் இரண்டு ஹப்பையும் பூட்டிவிட்டு, தை பிறந்து வயற்கரை காயும்வரை அப்படியே விடுகிறேன். தார் வீதியில் தடி 2எச்சிலேயே நிற்கும். மண் தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்து 4எச்சுக்குத் தள்ளுகிறேன். ஹப் பூட்டியிருப்பதால் முன் சாஃப்ட் ஏற்கனவே சுழன்றுகொண்டிருக்கும், தடி உரசாமல் இறங்கும். இதே வேலையை ஹப் விடுபட்ட நிலையில் ஓடிக்கொண்டே செய்தால், நிற்கும் பல்லும் சுழலும் பல்லும் மோதும். கோடையில் விடுவித்து வைத்து, மாதம் ஒருமுறை பூட்டி வல்லைவெளி வழியாக ஒரு சுற்றுப் போய்வருகிறேன்.

கடல்நீர் ஏறிய தரையில் ஓடிய அன்று மட்டும் ஹப்பை நன்னீரால் கழுவி, மறுநாள் இரு நிலைக்கும் திருப்பிப் பார்ப்பேன். வருடத்துக்கு ஒருமுறை கழற்றும்போது உள்ளே மெல்லிய பூச்சாகத்தான் கிறீஸ் தடவவேண்டும். பெயாரிங்குக்கு அடைப்பதுபோல அடைத்தால் ஹப்புக்குள் உள்ள சிறிய வில் அதைத் தள்ளி நகர முடியாமல் ஹப் பாதிவழியில் நின்றுவிடும். வட்டத்தகட்டில் 'லொக்' நிலைக்கு நேரே ஒரு வெள்ளை மைப்புள்ளி இட்டிருக்கிறேன். குனியாமலே, ஏறுவதற்கு முன் இரண்டு பக்கமும் நடந்து பார்த்துக்கொள்ள அது போதும்.