லண்டனில் காசில்லாமல் ஒரு கலை நாள்: பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 4. பள்ளி விடுமுறை வந்தாலே நாங்கள் சுற்றிச் சுற்றிப் போவது மூன்று இடங்கள்: பெத்னல் கிரீனில் இருக்கும் யங் வி அண்ட் ஏ என்ற சிறுவர் அருங்காட்சியகம், தேம்ஸ் கரையிலுள்ள டேட் மாடர்ன் என்ற நவீனக் கலைக்கூடம், ட்ரஃபால்கர் சதுக்கத்தின் நேஷனல் கேலரி என்ற ஓவியக்கூடம். மூன்றிலும் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் உள்ளே பிள்ளைக்குக் கிடைப்பது மூன்றிலும் மூன்று விதம்.

தவழும் குழந்தையோ ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளையோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், யங் வி அண்ட் ஏதான். குழந்தைப் பருவ அருங்காட்சியகமாக இருந்த பழைய கட்டடத்தைப் புதுப்பித்து 2023 ஜூலையில் திறந்தார்கள். விளையாட்டு, கற்பனை, வடிவமைப்பு என்று மூன்று கூடங்கள். பொருட்களைப் பிள்ளையின் கண் உயரத்தில் வைத்திருப்பதால், சின்னவனைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒடிவதில்லை. 2024-இல் பிரிட்டனின் சிறந்த அருங்காட்சியக விருது இதற்குக் கிடைத்தது நியாயம்தான். போனால் தரையையும் பாருங்கள். மீன் செதில் மாதிரி பதித்த அந்தப் பளிங்குத் தரை, வோக்கிங் சிறையிலிருந்த பெண் கைதிகளின் கைவேலை. அதைச் சொன்னதும் மூத்தவள் குனிந்து ஒரு செதிலை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். விடுமுறை நாளில் சத்தமும் கூட்டமும் அதிகம் என்பது மட்டும்தான் குறை.

டேட் மாடர்ன் ஒரு காலத்தில் மின் நிலையம். அதன் டர்பைன் கூடம் பிள்ளைகள் ஓடித் திரிவதற்கென்றே கட்டியது போல அகன்று கிடக்கும். டேட் ப்ளே என்ற பெயரில் விடுமுறைகளில் இங்கே பெரிய கலைஞர்களின் படைப்புகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 2022 கோடையில் யாயோய் குசாமாவின் வெள்ளை வீட்டில் மேசை, நாற்காலி, சுவர் எல்லாவற்றிலும் பிள்ளைகள் வண்ணப் பொட்டுகளை ஒட்டித் தீர்த்தார்கள். அடுத்த ஆண்டு ரஷீத் அராயீனின் வண்ணச் சட்டகக் கனசதுரங்களை அடுக்கிக் கலைத்தார்கள். ஆறு வயதிலிருந்து பத்து வரை, கையால் தொட்டு விளையாட இதற்கு ஈடே இல்லை. ஆனால் எல்லா நாளும் இப்படி நடக்காது. தேதி பார்க்காமல் போனால் வெறுங்கூடத்தில் ஓடிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நேஷனல் கேலரியைத்தான் பலர் ‘பெரியவர்கள் போகிற இடம்’ என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏழு வயது தாண்டிய பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். குடும்பங்களுக்கான இலவசப் பட்டறைகள் உண்டு. அவை இல்லாத நாளிலும் ஓவியங்களே போதும். ஹோல்பைன் 1533-இல் வரைந்த ‘தூதர்கள்’ முன்னால் பிள்ளையை நிறுத்துங்கள். இரண்டு கனவான்களின் காலடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ கோணலாக இழுபட்டுக் கிடக்கும். “அம்மா, இது என்ன மீனா?” என்றாள் மகள். ஓவியத்தின் வலப்பக்கம் சுவரோரமாகக் கூட்டிப்போய், “இப்ப பார்” என்றேன். கோணல் நிமிர்ந்து மண்டை ஓடாகியது. முதலில் நின்ற இடத்துக்கும் சுவருக்கும் இடையே ஏழெட்டு முறை ஓடினாள். பிறகு, 3 மீட்டருக்குக் கொஞ்சமே குறைந்த உயரமுள்ள ஸ்டப்ஸின் குதிரை ஓவியத்தின் முன் தரையில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்தாள். அரை மணி நேரம் ஒரு சத்தமில்லை. சின்னவனுக்கோ பத்து நிமிடத்தில் பசி வந்துவிட்டது.

இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் கூட்டிப்போவதென்றால் என் தெரிவு டேட் மாடர்ன், அதுவும் டேட் ப்ளே நடக்கும் வாரத்தில் மட்டும். மற்ற நாட்களில் நானும் கணவரும் பிரிந்துகொள்கிறோம். அவர் சின்னவனோடு பெத்னல் கிரீன், நான் மூத்தவளோடு ட்ரஃபால்கர் சதுக்கம். பென்சிலையும் வெள்ளைத் தாளையும் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.